வீட்டு கம்ப்யூட்டர் மட்டும் லேன்ல சேர மாட்டேங்குது, 169.254னு ஐபி காட்டுது

பல்லடம்_தறிக்குடோன்:

வணக்கமுங்க. வீட்டுக்குப் பின்னால தறிக்குடோன். நெட் லைன் குடோன் ஆபீசுக்குத்தான் வருது, ஓஎன்டி பெட்டியும் (ஃபைபர் லைன் வந்து சேர்ற ரூட்டர்) அங்கதான். அதுல இருந்து ஒரு 8 போர்ட் சுவிட்ச் (லேன் லைனைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி). சுவிட்சுல பில் போடற கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா டிவிஆர் மூணும் இருக்கு. அதே சுவிட்சுல இருந்து வீட்டு மாடிக்கு ஒரு லேன் ஒயர் போகுது, சுமாரா 60 மீட்டர் வருமுங்க. செவுத்துல 3 பேஸ் பைப்போட சேர்த்து கிளாம்ப் அடிச்சிருக்கு.

மாடியில இருக்கற கம்ப்யூட்டர் விண்டோஸ் 11. போர்ட்ல லைட் எரியுது, ஆனா 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்'னு நிக்குது. ஐபி 169.254.83.12, கேட்வே (வெளிய போற வழி, ரூட்டரோட ஐபி) இடம் காலி. நெட்டும் இல்ல, பில் கம்ப்யூட்டரும் தெரியல, பிரிண்டரும் வரல. டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டாச்சு, நெட்வொர்க் ரீசெட்டும் குடுத்தாச்சு. காலையில தறி ஓட்டறதுக்கு முன்னாடி சில சமயம் கனெக்ட் ஆகுது, அப்புறம் போயிருது.

ஒயர் இழுத்தவர் டெஸ்டர் வெச்சுப் பார்த்து எட்டு லைட்டும் வரிசையா எரியுது, ஒயர்ல குத்தம் இல்ல, கம்ப்யூட்டர் போர்ட்தான் போயிருச்சுங்கறார். புது லேன் கார்டு வாங்கறதா, இல்ல வேற ஏதாச்சும் பார்க்கணுமா? குடோன் வைஃபை மாடி வரைக்கும் எட்டறதில்லீங்க.

கோபி_லேன்:

கார்டு இப்பவே வாங்காதீங்க. 169.254ல ஆரம்பிக்கற ஐபி ரூட்டர் குடுத்தது கிடையாது. கம்ப்யூட்டர் "எனக்கு ஒரு ஐபி குடுங்க"னு லேன்ல கத்தி, ரூட்டருக்குள்ள ஐபி பங்கு போடற டிஹெச்சிபி கிட்ட இருந்து பதில் வராம, தானா ஒண்ணை வெச்சுக்கிச்சு. அப்படின்னா விண்டோசுக்கு உங்க கார்டு தெரியுது, டிரைவரும் வேலை செய்யுது. கேள்வி போறதுலயோ பதில் வர்றதுலயோதான் கோளாறு. ரீசெட், டிரைவர் எல்லாம் அதைத் தொடவே தொடாது.

ரெண்டு சோதனை பண்ணுங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் பதில் கிடைக்கும், ஒண்ணோட நிறுத்திறாதீங்க.

முதல்ல சிபியூவைத் தூக்கிட்டு குடோனுக்குப் போய், பிரிண்டருக்குப் போற சின்ன லேன் ஒயரைக் (பேட்ச் கார்டும்பாங்க) கழட்டி, அதே சுவிட்ச் போர்ட்ல சிபியூவை மாட்டுங்க. ஐபி 192.168ல வந்துச்சுன்னா உங்க கம்ப்யூட்டர் சுத்தம். அடுத்து யார் கிட்டயாவது ஒரு லேப்டாப் வாங்கி (லேன் போர்ட் இருக்கறதா பாருங்க, புது மெல்லிசு லேப்டாப்ல இருக்காது) மாடியில அந்த 60 மீட்டர் ஒயர்ல மாட்டுங்க. வைஃபையை அணைச்சுட்டுத்தான் பார்க்கணும், இல்லாட்டி நெட் அந்தப் பக்கமா வந்து ஏமாத்திரும்.

கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் /ஆல் அடிச்சு மூணு வரி குறிச்சுக்கோங்க: டிஹெச்சிபி எனேபிள்டுக்கு நேரா 'எஸ்' இருக்கா, ஐபிவி4 முகவரி என்ன, டிஃபால்ட் கேட்வே என்ன. டிஹெச்சிபி 'நோ'ன்னு இருந்தா யாரோ கையால ஐபி போட்டு வெச்சிருக்காங்க. உங்களுக்கு 169.254 வர்றதால அது 'எஸ்'ஸாத்தான் இருக்கும், இருந்தாலும் பாருங்க.

கூடவே லிங்க் ஸ்பீடு. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் போய், ஈத்தர்நெட்டைத் தட்டுனா கீழ 'லிங்க் ஸ்பீடு'ன்னு ஒரு வரி இருக்கும். 1000ஆ, 100ஆ, 10ஆ? இதுதான் ரொம்ப முக்கியம். அப்படியே நெட்ஸ்டாட் -ஈ அடிச்சா 'எரர்ஸ்'னு ஒரு வரி வரும். ரெண்டு நிமிசம் விட்டு மறுபடி அடிங்க. அந்த எண்ணு ஏறிட்டே இருந்தா ஒயர்ல வர்ற பாக்கெட் (டேட்டாத் துண்டு) உடைஞ்சு வருதுன்னு அர்த்தம். ஏறலைங்கறதுக்காக ஒயர் நல்லதுன்னு முடிவு பண்ணிராதீங்க, எல்லா டிரைவரும் அதை ஒழுங்கா எண்ணறதில்ல.

ஈரோடு_சுவிட்ச்:

கோபி அண்ணா சொன்னது சரி. அதோட இன்னும் ரெண்டு இடம் பார்த்துருங்க, சும்மா ரெண்டு நிமிச வேலைதான்.

ஒண்ணு, சுவிட்சுல லூப். ஒரே ஒயரோட ரெண்டு முனையும் ஒரே சுவிட்சுல சொருகியிருந்தா எல்லா லைட்டும் ஒண்ணா வெறி புடிச்ச மாதிரி மின்னும். ஆனா அப்படி இருந்தா குடோன்ல எல்லாமே நின்னிருக்கும், பில் கம்ப்யூட்டர் ஓடுதுங்கறதால இதுக்கு வாய்ப்பு கம்மி.

ரெண்டாவது கேமரா டிவிஆர். மாட்டறவங்க பெரும்பாலும் டிவிஆருக்கு கையால ஒரு ஐபி போட்டுருவாங்க. ரூட்டர் குடுக்கற எண்ணு வரிசைக்குள்ளயே அது விழுந்தா, என்னைக்காச்சும் அதே எண்ணு வேற மிசினுக்கும் போகும், ரெண்டும் அடிச்சுக்கும். 169.254 வர்றதுக்கு இது காரணம் இல்ல, ஆனா உங்க பிரச்சனை தீர்ந்த மறுநாளே புதுசா ஒண்ணு முளைக்கும். பழைய ரூட்டர் ஏதாச்சும் நடுவுல 'சுவிட்ச் மாதிரி' மாட்டியிருந்தீங்கன்னா அதுலயும் டிஹெச்சிபியை அணைச்சிருங்க. ஒரு லேன்ல ஐபி குடுக்கறவர் ஒருத்தர்தான் இருக்கணும்.

பல்லடம்_தறிக்குடோன்:

பார்த்தாச்சுங்க. குடோன்ல சின்ன ஒயர்ல சிபியூ மாட்டுன உடனே 192.168.1.14 வந்துச்சு, கேட்வே 192.168.1.1, லிங்க் 1000. நெட்டும் ஓடுச்சு. மாடியில மச்சானோட லேப்டாப் மாட்டுனா அதுவும் 169.254தான் காட்டுது. லிங்க் ஒரு வாட்டி 100, ஒரு வாட்டி 10, நடுவுல 'கேபிள் அன்பிளக்டு'ன்னும் வருது. எரர்ஸ் ஏறிட்டே போகுது. பழைய ரூட்டர் எதுவும் நடுவுல இல்லீங்க.

அப்ப ஒயர்தானுங்களா? ஆனா டெஸ்டர்ல எட்டும் எரியுதே. பிளக்ல கலர் வரிசை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன்.

பீளமேடு_கிரிம்பர்:

அந்த வரிசைதாங்க குத்தம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்னு நிறையப் பேர் அடிக்கறாங்க. அது போதாது.

லேன் ஒயருக்குள்ள எட்டுக் கம்பி நாலு ஜோடியா முறுக்கி இருக்கும். டபுள் நூல் முறுக்கற மாதிரிதான், ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கு வேற. ஒரே சிக்னல் ஒரு ஜோடியில எதிரும் புதிருமா போறப்ப வெளிய இருந்து வர்ற கரண்ட் இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே அளவு ஏறி, கடைசியில கழிஞ்சு போயிரும். இந்த வித்தை நடக்கணும்னா ஒரு சிக்னல் போற ரெண்டு பின்னும் ஒரே ஜோடியில இருக்கணும்.

பிளக்ல சிக்னல் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. 3க்குத் துணை 4 இல்ல, 6. நீங்க சொன்ன வரிசையில 3ல வெள்ளை பச்சை இருக்கு, 6ல நீலம் இருக்கு. ரெண்டும் வேற வேற ஜோடி. அந்த சிக்னலுக்கு முறுக்கே இல்லாமப் போயிருச்சு, பக்கத்து ஜோடி சத்தமும் உள்ள ஏறுது. இதை ஸ்ப்ளிட் பேர்னு சொல்லுவாங்க. 500 ரூபாய் டெஸ்டர் 1ல விட்ட கரண்ட் 1ல வருதா, 2ல விட்டது 2ல வருதான்னு மட்டும்தான் பார்க்கும். எந்தக் கம்பி எதோட முறுக்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால எட்டு லைட்டும் அழகா எரியும். ஒயர் இழுத்தவரும் பொய் சொல்லல, அவர் டெஸ்டர் சொன்னதைச் சொன்னார்.

ரெண்டு மீட்டர் பேட்ச் கார்டுல இந்தத் தப்பு இருந்தாக்கூட ஓடிரும். 60 மீட்டர்ல ஓடாது. போர்ட் லைட் ஏன் எரியுதுன்னா, ரெண்டு பக்கமும் "நீ எந்த ஸ்பீடு"ன்னு பேசிக்கற துடிப்பு ரொம்ப மெதுவானது, அது எப்படியும் போய்ச் சேந்துரும். அப்புறம் நிசமான டேட்டா போறப்ப பாக்கெட் உடையும். உடைஞ்ச பாக்கெட்டை எதிர்ப்பக்கம் சத்தமில்லாம தூக்கிப் போட்டுரும். ஐபி கேட்டதும் போகல, குடுத்ததும் வரல, 169.254 வந்துருச்சு. தறி நிக்கறப்ப இரைச்சல் கம்மி, அதனால காலையில மட்டும் தப்பிச்சு வருது.

சரியான வரிசை டி568பி. கொக்கி கீழ இருக்கற மாதிரி, பித்தளைப் பல்லு உங்களைப் பார்த்து மேல தெரியற மாதிரி புடிச்சு, இடமிருந்து வலமா: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி மட்டும் நீலத்தை நடுவுல விட்டுட்டு ரெண்டு பக்கமும் உக்காரும். ரெண்டு முனையும் இப்படியே.

அடிக்கறப்ப கவனிக்க வேண்டியது: பழைய பிளக்கை வெட்டி எறிஞ்சிருங்க, மறுபடி உபயோகம் ஆகாது. மேல் உறையை ஒரு இஞ்சுக்கு உரிச்சு, கம்பியை நேராக்கி வரிசை வெச்சு, கடைசியா அரை இஞ்ச் மட்டும் விட்டு ஒரே வெட்டா வெட்டுங்க. முறுக்கு பிரிஞ்சு இருக்கறது 13 மில்லிக்கு மேல போகக் கூடாது. உள்ள தள்ளுனா எட்டுக் கம்பி நுனியும் பிளக் மூக்குல முட்டி நிக்கறது தெரியணும். மேல் உறை பிளக்குக்குள்ள, அந்த அமுக்கற நாக்குக்கு அடியில வரணும். உறை வெளிய நின்னு கலர் கம்பி தெரிஞ்சா, இழுபட்டு ஆறு மாசத்துல உருவிக்கும். நுனி வெளிய வர்ற பாஸ்-த்ரூ பிளக் வாங்குனா அதுக்குன்னே பிளேடு வெச்ச கிரிம்பர் (பிளக் அமுக்கற கருவி) வேணும், சாதாக் கிரிம்பர்ல அடிச்சா நுனி நீட்டிட்டு போர்ட்டைக் கெடுத்துரும்.

இன்னொண்ணு. பிளக்கை வெட்டுனதும் ஒரு கம்பியைப் பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க. மேல செம்பு, உள்ள வெள்ளையா இருந்தா அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கடையில சிசிஏம்பாங்க, விலை பாதிதான் இருக்கும். மின்தடை கூட, ரெண்டு வாட்டி வளைச்சா உள்ள ஒடியும், நீளமா இழுக்க ஆகாது. அப்படி இருந்தா கிரிம்பிங்கோட நிறுத்தாம ஒயரையே மாத்துங்க. 'கேட் 6, ப்யூர் காப்பர்'னு உறை மேல அச்சடிச்சது கேட்டு வாங்கணும். அச்சையும் நம்பாம கடையிலயே சுரண்டிப் பாருங்க.

கோபி_லேன்:

கிரிம்பிங் பத்தி பீளமேட்டுக்காரர் சொன்னதுல மாத்துச் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த 3 பேஸ் பைப்போட கிளாம்ப் அடிச்சதை அப்படியே விட்டா பிளக் மாத்துனாலும் அரைகுறைதான். தறி மோட்டார் ஸ்டார்ட்டர் ஒவ்வொரு வாட்டி போடறப்பவும் அந்த பைப் வழியா ஒரு இரைச்சல் போகும். 60 மீட்டரும் பக்கத்துலயே படுத்திருக்குன்னா தாங்காது. குறைஞ்சது ஒரு அடி தள்ளி, தனி பைப்ல கொண்டு போங்க. குறுக்க தாண்டியே ஆகணும்னா நேர் குறுக்கா, எல் மாதிரி 90 டிகிரியில தாண்டட்டும், சாய்வா கூடவே ஓட வேண்டாம்.

மொத்த நீளம் 100 மீட்டர் வரைக்கும் கணக்கு, உங்க 60 அதுக்குள்ள இருக்கு. நடுவுல எங்கயும் ஒட்டுப் போட்டு இன்சுலேசன் டேப் சுத்தியிருந்தா அதையும் சொல்லுங்க.

பல்லடம்_தறிக்குடோன்:

ரொம்ப நன்றிங்ணா. சுரண்டிப் பார்த்தோம், உள்ளயும் செம்புதான். ஒட்டு எங்கயும் இல்ல. ரெண்டு முனையும் சொன்ன வரிசையில புது பிளக் அடிச்சாச்சு, ஒயரை பைப்ல இருந்து பிரிச்சு செவுத்து அந்தப் பக்கமா போட்டாச்சு. இப்ப தறி அத்தனையும் ஓடறப்பவே 192.168.1.23, லிங்க் 1000. எரர்ஸ் ஏறவே இல்ல. நெட், பிரிண்டர் ரெண்டும் வந்துருச்சு.

பில் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் தெரியலீங்க. அது விண்டோஸ் 10, ஐபி 192.168.1.10னு கையால போட்டிருக்கு. மாடியில இருந்து பிங் (அந்த மிசின் பதில் சொல்லுதான்னு பார்க்கற கமாண்ட்) அடிச்சா 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. அதுல இருக்கற டேலி டேட்டா ஃபோல்டர்தான் மாடியில வேணும்.

ஈரோடு_சுவிட்ச்:

1000ல லிங்க் நிக்குதுன்னா நாலு ஜோடியும் ஒழுங்கா இருக்கு. 100க்கு 1, 2, 3, 6 போதும், 1000க்கு எட்டும் வேணும். ஒயர் கதை முடிஞ்சுது, இனி விண்டோஸ் கதை.

பிங் வரலைங்கறதை வெச்சு லேன் இல்லைன்னு நினைக்காதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் சும்மாவே பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் அடிச்ச கையோட ஏஆர்பி -ஏ அடிச்சுப் பாருங்க. பட்டியல்ல 192.168.1.10க்கு நேரா பன்னெண்டு இலக்க ஹார்டுவேர் முகவரி (லேன் கார்டோட அடையாள எண்ணு) வந்திருந்தா, அந்த மிசின் உயிரோட இருக்கு, வேணும்னேதான் வாயைத் திறக்கல.

பில் கம்ப்யூட்டர்ல செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈத்தர்நெட்ல போய் நெட்வொர்க் ப்ரொஃபைல் 'பப்ளிக்'ல இருந்தா 'பிரைவேட்' ஆக்குங்க. கன்ட்ரோல் பேனல்ல அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் போய், பிரைவேட்டுக்குக் கீழ நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. ஃபோல்டர் மேல வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், ஷேரிங். அங்க யாருக்கு அனுமதின்னு சேர்க்கணும். பக்கத்துல செக்யூரிட்டி டேப்லயும் அதே ஆளுக்கு அனுமதி இருக்கணும். ரெண்டுல எது குறைச்சலோ அதுதான் செல்லும். நிறையப் பேர் முதல் டேபோட வந்துருவாங்க, அப்புறம் ஃபோல்டர் தெரியும், திறக்காது.

முக்கியமா, பில் கம்ப்யூட்டர் அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டு இருக்கா? பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டை வெச்சு லேன் வழியா உள்ள வர விண்டோஸ் விடாது. கடை கம்ப்யூட்டர் பாதிக்கு இதுதான் வியாதி. 'எவ்ரிஒன்'னுக்குத் திறந்து விட்டு, பாஸ்வேர்டு ப்ரொடெக்சனையும் அணைக்கச் சொல்லுவாங்க, வேண்டாங்க. கணக்கு இருக்கற மிசின். அதுல 'மாடி'ன்னு தனியா ஒரு லோக்கல் அக்கவுண்ட், ஒரு பாஸ்வேர்டு போட்டு, ஃபோல்டர் அனுமதியை அதுக்கு மட்டும் குடுங்க. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் வழியை விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2 பதிப்புல மைக்ரோசாஃப்ட்காரங்களே அடைச்சுட்டாங்க, அதனால அந்தக் குறுக்கு வழி இனி ஓடவும் ஓடாது.

மாடியில ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில \\192.168.1.10 அடிச்சு என்டர். பேர் கேட்டா அந்த 'மாடி' அக்கவுண்டும் பாஸ்வேர்டும் குடுத்து, 'ரிமெம்பர்' டிக் போடுங்க. நெட்வொர்க் பக்கத்துல ஐகான் தெரியலைன்னாலும் இந்த முகவரி வழி வேலை செய்யும். அது சரியானதும் ஃபோல்டர் மேல வலது கிளிக் பண்ணி மேப் நெட்வொர்க் டிரைவ் குடுத்து ஒரு எழுத்தை ஒதுக்கிக்கோங்க.

பீளமேடு_கிரிம்பர்:

ஈரோட்டுக்காரர் சொன்னதோட ஒரு சின்ன ஒட்டு. 192.168.1.10ஐ கையால போட்டு வெச்சிருக்கறதை எடுத்துட்டு, 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிட்டு, ஓஎன்டி செட்டிங்ல அதே எண்ணை அந்த மிசின் ஹார்டுவேர் முகவரிக்கு ரிசர்வ் பண்ணுங்க. உங்க ஓஎன்டில அந்த வசதி இல்லைன்னா டிஹெச்சிபி வரிசையை 100ல இருந்து 200ன்னு மாத்திருங்க. கையால போட்ட பில் கம்ப்யூட்டர், டிவிஆர், பிரிண்டர் மூணும் 100க்குக் கீழ இருக்கட்டும். உங்களுக்கு 14, 23ன்னு ஐபி வந்ததைப் பார்த்தா இப்ப வரிசை கீழ இருந்தே குடுக்குது, 10 நடுவுல மாட்டும்.

கோபி_லேன்:

எல்லாம் ஓடிருச்சுன்னா கடைசியா ஒண்ணு, அவசரம் இல்ல, ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சா நல்லது. குடோனும் வீடும் தனித்தனிக் கட்டடம், தனித்தனி எர்த்தாக்கூட இருக்கலாம். நடுவுல வெட்டவெளியில செம்புக் கம்பி போகுது. பக்கத்துல எங்கயாச்சும் இடி விழுந்தாக்கூடப் போதும், ஒயர்ல ஏறி ரெண்டு பக்கமும் போர்ட்டைக் கருக்கிரும். சுவிட்ச் போனா பரவால்ல, மதர்போர்ட்ல இருக்கற போர்ட் போனா செலவு.

அந்த 60 மீட்டருக்கு செம்புக்குப் பதிலா ஓஎஃப்சி (வெளிச்சத்துல டேட்டா போற ஃபைபர் ஒயர்) இழுத்துருங்க. கேபிள் டிவிக்காரங்க உபயோகிக்கற ஒத்தைக் கோர் டிராப் ஒயர் போதும். கூட ரெண்டு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் ஒயரையும் இணைக்கற பெட்டி), ஒண்ணு ஏ, ஒண்ணு பி. ஒத்தை ஃபைபர்ல போறதால ஒரு பக்கம் 1310 நானோமீட்டர்ல அனுப்பும், எதிர்ப்பக்கம் 1550ல அனுப்பும். ரெண்டுமே ஏ வாங்கிட்டு வந்தா லிங்க் வரவே வராது. கனெக்டர் கலரும் பாருங்க. கன்வெர்ட்டர்ல பெரும்பாலும் நீலக் கலர் எஸ்சி கனெக்டர் இருக்கும், ஓஎன்டிக்கு வர்றது பெரும்பாலும் பச்சை. நுனி வெட்டு சாய்வு வேறங்கறதால பச்சையை நீலத்துல சொருகக் கூடாது. ஸ்ப்ளைசிங் (ஃபைபர் ஒட்டற வேலை) பண்றவர் கிட்ட ரெண்டு முனையும் நீலம்னு முன்னாடியே சொல்லிருங்க.

டிராப் ஒயர்ல தாங்கறதுக்கு ஒரு கம்பி ஓடும். அது ஸ்டீலா இருந்தா கட்டடத்துக்கு வெளிய கொக்கியிலயே வெட்டி நிறுத்திறணும், உள்ள பெட்டி வரைக்கும் கொண்டு வந்தா மின்னலுக்கு நீங்களே வழி விட்ட மாதிரி ஆயிரும். எஃப்ஆர்பி (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) கம்பி வெச்சது கிடைச்சா அதையே வாங்குங்க, அதுல உலோகமே இல்ல. குடோன் பக்கத்து கன்வெர்ட்டரையும் சுவிட்சையும் ஒரு மூடுன பெட்டிக்குள்ள வெச்சு, காலியா இருக்கற போர்ட்ல ரப்பர் மூடி சொருகி வைங்க. பஞ்சு உள்ள அடைஞ்சா பிளக் சரியா உக்காராது.